கனக்குது என்று சொல்லக் கூடாது

1

தோள்பட்டை வலிக்கிறது. வலது தோள். எழுத உட்கார்ந்தால் கழுத்தும் தோளும் சேர்கிற இடத்தில் யாரோ கொக்கியை மாட்டித் தொங்குகிற மாதிரி ஓர் இழுப்பு. கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் இந்தத் தோளுக்கு வலிக்க நேரம் கிடைக்கவில்லை. இப்போது எனக்கு வாசலில் உட்கார்ந்து லாரிகளை உள்ளே விடுகிற வேலை. உட்கார்ந்த நாளிலிருந்து, விட்டுப்போன வலியையெல்லாம் சேர்த்து வைத்துக் காட்டுகிறது.

போன வாரம் தைல டப்பாவைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் ஒரு பச்சைக் குழந்தையின் ஞாபகம் வந்தது. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். இதைவிடப் பெரிய காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

உள்ளே போவதற்கு முன் எங்கள் செட்டின் சட்டம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செட்டு என்றால் சேர்ந்து மூட்டை தூக்குகிற கூட்டம். மேஸ்திரியோடு ஒன்பது பேர். முதுகில் சுமை ஏறிய பிறகு எவனும் "கனக்குது" என்று சொல்லக் கூடாது. வலிக்குது என்று சொல்லலாம். மழையைத் திட்டலாம், முதலாளியைத் திட்டலாம், படி வைத்துக் கட்டிய கொத்தனாரின் பரம்பரையையே இழுக்கலாம். கனக்குது மட்டும் வாயில் வரக் கூடாது. ஒருவன் சொன்னால் அடுத்தவன் முதுகிலும் அது ஏறிவிடும். சொன்னவன் மற்ற எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.*

* இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று தெரியாது. டீக்கு அலைந்த எவனோ ஒருவன்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. அடித்துப் போட்டவற்றை அப்படியே விடுகிறேன். எத்தனை முறை வழுக்கினேன் என்று நீங்களும் பாருங்கள்.

"அந்த அறையில் ஒளி பாலாய் வழிந்துகொண்டிருந்தது. வெண்ணிறப் பஞ்சுக்குள் ஒரு சின்னஞ்சிறு மலர்..."

[மலர் இல்லை. சிவந்து, சுருங்கி, முதுகெல்லாம் பூனைமுடியோடு இருந்தாள். ஒளியும் வழியவில்லை. குழல்விளக்கு ஒரு முனை கறுத்துப்போய் மினுக்கிக்கொண்டிருந்தது.]

"தந்தைமை என்பது..."

[இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அரைமூட்டை சிரிப்பான்.]

சரி. அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

அரைமூட்டைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது.

அரைமூட்டை என்பது எங்கள் செட்டுக்காரன் ஒருவனின் பட்டப்பெயர். உயரத்தில் எங்கள் தோளுக்குத்தான் வருவான். முதல் நாள் வேலை கேட்டு வந்தபோது மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்து, "இவனே அரைமூட்டைதான் இருக்கான், முழு மூட்டைய எங்க தூக்கப்போறான்" என்றார். தூக்கினான். மூட்டை இறங்கியது, பெயர் இறங்கவில்லை. எத்தனையோ வருஷம் எங்களோடு சுமந்தவன் கனக்குது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவன் வாயிலிருந்து டீ வாங்கிவிட வேண்டும் என்று நாங்கள் மூட்டைக்குள் கல் வைத்துத் தைத்தும் பார்த்திருக்கிறோம். மூச்சுவிடவில்லை, கடங்காரன்.

3

குழந்தை ஒரு செங்கல் எடைகூட இல்லை. பிறந்ததில் அம்மாவுக்கு ரத்தம் நிறையப் போய்க் காய்ச்சலும் கண்டு, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டடத்தில் படுத்திருந்தாள். குழந்தைக்கு வேறு நோய் எதுவும் இல்லை. ஆனால் உடம்பில் சூடு நிற்கவில்லை. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி வந்த சூடு வந்தவழியே போனது. சூடு போனால் பால் குடிக்கத் தெம்பு இருக்காது. குடிக்காவிட்டால் இன்னும் சூடு போகும். சூடு காட்டுகிற கண்ணாடிப் பெட்டிகளில் அவளைவிட மோசமான நிலையில் இருந்த குழந்தைகள் கிடந்தார்கள்.

சிசு வார்டு நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"இந்தக் குழந்தையோட யாரு இருக்கீங்க?"

"நான்தான் சிஸ்டர். அப்பா."

"நல்லதாப் போச்சு. சட்டையக் கழட்டுங்க."

அரைமூட்டை திரும்பிப் பின்னால் பார்த்தான், வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று.

"எதுக்கு சிஸ்டர்?"

"குழந்தைய உங்க நெஞ்சுல போடணும். தோலோட தோல் ஒட்டி இருக்கணும். அவங்கம்மா எழுந்து வர்ற வரைக்கும் நீங்கதான் அவளுக்கு அடுப்பு."

பக்கத்தில் நின்ற மனைவியின் அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. "என்ன சிஸ்டர், ஆம்பள நெஞ்சுல பச்சப்புள்ளையா? இவரு மூட்டை தூக்குறவரு. நெஞ்சு கருங்கல்லு மாதிரி இருக்கும். என்கிட்ட குடுங்க."

"நீங்க காலையிலேர்ந்து இருமிக்கிட்டே இருக்கீங்க. இந்தக் கதவுக்கு உள்ளயே வரக் கூடாது. கல்லா இருந்தா என்னம்மா, சூடா இருக்காரா இல்லையா?"

"சூடாத்தான் இருப்பாரு. மூக்குமேல கோபம் வருமே."

சிஸ்டர் சிரிக்கவில்லை. விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். நகத்தை ஒட்ட வெட்டணும். கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும். இப்போதைக்குக் குளிப்பாட்டுறது கிடையாது. தொப்புள்ல எதையும் தடவாதீங்க, அது தானா காஞ்சு விழும். பவுடர் வேண்டாம். தாய்ப்பாலைத் தவிர வாயில சொட்டுத் தண்ணிகூட வைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. அவள் பைக்குள் புது பவுடர் டப்பா இருந்தது.

"நீங்க குளிச்சிட்டு வாங்க. சாஞ்சு உட்காரணும், மணிக்கணக்கா அசையக் கூடாது. முடியுமா?"

"முடியும் சிஸ்டர்" என்றான் அரைமூட்டை. முடியாது என்று அவன் இதுவரை சொன்னதில்லை.

கிடங்குக்குப் பின்னால் எங்கள் செட்டுக்கு ஓர் அறை உண்டு. வீடு தொலைவாக இருக்கிறவர்கள் அங்கேதான் தங்குவோம். ஆஸ்பத்திரி பக்கம் என்று அவனும் அந்த நாட்களில் அங்கேதான் படுத்தான். ஓடி வந்தான், குளித்தான், நகம் வெட்டினான், உடம்பைத் தேங்காய் நாரால் தேய்த்து இன்னொரு தரம் குளித்தான். பிறகு, சுமை தூக்குகிறவன் எவனும் குளித்தபின் செய்கிறதைச் செய்தான். தைல டப்பாவில் இரண்டு விரலை விட்டு, தோளிலும் கழுத்திலும் நெஞ்சிலும் அப்பி நன்றாகத் தேய்த்துக்கொண்டான். அன்று வழக்கத்தைவிட அதிகம். எங்களுக்குச் சுத்தத்தின் வாசனை என்றால் அது தைலம்தான்.

4

குழந்தையை நெஞ்சில் வைத்தார்கள். வீறிட்டாள்.

"புது இடம், அழட்டும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வேறொரு குழந்தையிடம் போனார். அவருக்கும் அன்று ஜலதோஷம், மூக்கடைத்திருந்தது. குழந்தை முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். எங்கே திரும்பினாலும் நெஞ்சுதான். பிறகு அழுகை நின்றது. அடங்கிவிட்டாள் என்று அரைமூட்டைக்குப் பெருமையாக இருந்தது. தலையைக் குனிந்து பார்த்தான். உதட்டில் நீலம் ஓடியிருந்தது. அவள் முதுகின்மேல் வைத்த அவன் கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

[இந்த இடத்தில் என் பேனா கெட்ட வழிக்குப் போகப் பார்த்தது. மறைக்காமல் சொல்கிறேன். கதையில் பச்சைக் குழந்தை செத்தால், படிக்கிறவர் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சுவரைப் பார்ப்பார். எழுதினவனுக்கு அது மரியாதை. கூலிக்காரன் குழந்தை என்றால் மரியாதை இரட்டிப்பு. எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்கத்துக்கு ஒருவரைக் கொன்றுவிட்டுத்தான் கையைக் கழுவுகிறார்கள். நானும் ஒரு வரி தொடங்கினேன்: "அந்தச் சின்ன மூச்சு, தான் வந்த இடத்துக்கே..."

இல்லை. அவள் சாகவில்லை. இந்தக் கதையில் அவள் சாகவும் மாட்டாள். யார் என்ன சொன்னாலும் சரி.]

"சிஸ்டர்!"

கிடங்கின் கடைசி மூலைக்குக் கேட்கிற குரல் அது. சிஸ்டர் ஓடிவந்து குழந்தையைப் பறித்தார். முதுகில் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார், தலையை நேராக்கி மறுபடி முதுகில் தேய்த்தார். குழந்தை ஒரு விக்கல் மாதிரி இழுத்தாள். பிறகு அழுதாள். அரைமூட்டை சொல்கிறான், அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் இனிமையான சத்தத்தைத் தான் கேட்டதே இல்லையாம்.

5

முதல் பிரதியில் சிஸ்டரை அன்பே உருவானவராக எழுதியிருந்தேன். "அவர் மென்மையாகப் புன்னகைத்து, 'பரவாயில்லை, தெரியாமல்தானே செய்தீர்கள்' என்றார்." இதை அரைமூட்டைக்கு வாசித்துக் காட்டியபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது.

"யாரு, அவங்களா? மென்மையாவா? அண்ணே, அவங்க போட்ட சத்தத்துல என் காது இன்னும் கூசுது. இருந்தபடி எழுதுங்க."

இருந்தபடி:

சிஸ்டர் அவன் நெஞ்சுக்கு அருகே குனிந்தார். அடைத்த மூக்கிலும் நெடி ஏறியது.

"என்னய்யா தடவிட்டு வந்திருக்க?"

அதுவரை இருந்த "ங்க" எல்லாம் எங்கோ போய்விட்டது.

"தைலம் சிஸ்டர். குளிச்சிட்டுத்தான்..."

"அறிவிருக்கா? இது உனக்கு வலியப் போக்கும், அவளுக்கு மூச்சைப் போக்கும்! இத்தனூண்டு மூக்கு, இந்த நெடிய எப்படித் தாங்கும்? எதுக்குத் தடவின?"

"அசையாம உட்காரணும்னு சொன்னீங்க. தோள் வலிச்சா அசைஞ்சிடுவேனோன்னு பயந்து..."

சிஸ்டர் குழந்தையைத் துணியில் சுற்றினார். பிறகு குரல் இறங்கியது. வார்த்தை இறங்கவில்லை. "இப்போ ஒரு பெட்டி காலியாயிருக்கு. நாளைக்குக் காலையில வேற குழந்தை வருது, அதுவரைக்கும்தான் இவளுக்கு. அதுக்குள்ள இதை மனுஷ நெஞ்சா மாத்திக்கிட்டு வா."

சிஸ்டரைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. முதல் தடவையே முகர்ந்து பார்க்காமல் விட்டோமே என்று தன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்துத்தான் அவன்மேல் காட்டினாரா? எனக்குத் தெரியாது. அவர் மனசுக்குள் போக எனக்கு வழியில்லை. அன்றிலிருந்து வார்டுக்குள் வருகிற எல்லாரையும் அவர் வாசலிலேயே நிறுத்தி முகர்ந்து பார்த்தார் என்பது மட்டும் நிச்சயம்.

அரைமூட்டை தோலை உரிக்காத குறையாகத் தேய்த்துக் குளித்துவிட்டுச் சாயங்காலமே போய் நின்றான். சிஸ்டர் முகர்ந்தார்.

"உடம்புல இல்ல. துணியில அடிக்குது. தலைமுடியில அடிக்குது. எங்கய்யா இருந்து வர்ற, தைலக் கம்பெனியா?"

வந்து எங்களிடம் சொன்னான். நாங்கள் ஒருவரை ஒருவர் முகர்ந்து பார்த்துக்கொண்டோம். பாய், தலையணை, துணி உலர்த்துகிற கயிறு, கதவின் தாழ்ப்பாள் வரை எல்லாம் அந்த நெடிதான். அதற்குள்ளேயே கிடக்கிற எங்களுக்கு அது தெரிந்ததே இல்லை.

மேஸ்திரி எழுந்தார். மாடத்தில் இருந்த டப்பாவை எடுத்து மூடியை இறுக்கினார். கிழிந்த சாக்கில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டினார்.

"அரைமூட்டை மக வீட்டுக்குப் போற வரைக்கும் எவனும் இதைத் தொடக் கூடாது."

"அப்போ வலிக்கு என்னண்ணே பண்றது?"

"வலிக்கட்டும். வலிச்சா நீ சாக மாட்ட."

அந்த வாரம் வந்தது சர்க்கரை. ஈரத்தில் இறுகிப்போய், மூட்டையின் மூலை ஒவ்வொன்றும் கட்டாரி மாதிரி குத்தும். அரைமூட்டையின் பங்கையும் நாங்களே தூக்கினோம். டப்பாவைக் கட்டிய அன்று ராத்திரியே கிடங்குக்குப் பின்னால் எட்டுத் தடியர்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து பாய், போர்வை, பனியன், கயிறு எல்லாவற்றையும் அலசினோம். வாய்க்கால் முழுக்க நுரை.*

 * "எட்டுத் தடியர்கள்" என்பதை மாற்றி "தொழிலாளர்கள்" என்று போடச் சொன்னார் மேஸ்திரி. அவருக்கு மரியாதை முக்கியம். எனக்கு அன்று பார்த்த காட்சி முக்கியம்.

6

காலையில் சிஸ்டர் முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். நகர்ந்து வழிவிட்டார்.

சாய்வு நாற்காலி. ஆஸ்பத்திரி கொடுத்த முன்பக்கம் திறந்த அங்கி. குழந்தைக்குத் தலையில் குல்லாய், காலில் உறை, இடுப்பில் துணி. வேறு ஒன்றும் இல்லை. நெஞ்சுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, கன்னத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடக்கி, மனைவியின் துவைத்த பழைய நூல்புடவையால் அவனோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார்கள்.

"கழுத்து மடங்கக் கூடாது. மூக்கு எப்பவும் உன் கண்ணுக்குத் தெரியணும். தெரியுதா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் திரும்பி வந்தபோது அவன் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"என்னாச்சு? ஏன் மூச்சை அடக்கிட்டு உட்கார்ந்திருக்க?"

சுமை ஏறினால் மூச்சை அடக்குவது எங்கள் உடம்பின் பழக்கம். இறக்கும் வரை விடமாட்டோம். அவனுக்குத் தெரியாமலே உடம்பு அதைச் செய்துகொண்டிருந்தது.

"விடுய்யா மூச்சை! அவ உன் மூச்சைக் கேட்டுத்தான் தன் மூச்சைப் பழகிக்கணும். நீயே நிறுத்திட்டா அவ எதைக் கேப்பா?"

விட்டான். நெஞ்சு இறங்கியது, அதோடு அவளும் இறங்கினாள். இழுத்தான், அவளும் ஏறினாள். ஏறினாலும் இறங்கினாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தாள்.

குளிர்ந்திருக்கிறாளா என்று பார்க்கவும் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். வயிறும் பாதமும் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும்; பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர் ஏறுகிறது. அரைமூட்டை உள்ளங்கையால் தொட்டான். ஒன்றும் தெரியவில்லை. கொக்கி பிடித்துக் காய்த்த கை அது. கொதிக்கிற டீ கிளாஸைப் பிடித்தாலும் சுடாது.

"அது கையா, செருப்பா? புறங்கையால பாரு."

புறங்கையால் தொட்டான். பாதம் சில்லென்று இருந்தது. கழற்றிய உறையைத் திரும்ப மாட்டினான், காத்திருந்தான். தோளில் கொக்கி மாட்டி இழுத்தது. தைலம் இல்லாத வலி எப்படியிருக்கும் என்று அவனுக்கு மறந்தே போயிருந்தது. மூக்கு நுனி அரித்தது. முதுகில் வியர்வை ஊர்ந்தது. அசையவில்லை. மறுபடி தொட்டான். சில்லென்றே இருந்தது. மறுபடி காத்திருந்தான். சிஸ்டர் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார். மறுபடி தொட்டான்.

புறங்கையை அவன் நம்பவில்லை. வயிற்றைத் தொட்டான், பாதத்தைத் தொட்டான், தன் கழுத்தையே தொட்டுப் பார்த்தான்.

"சிஸ்டர், சூடு ஏறியிருக்கு!"

"கத்தாத. தூங்குறா."

7

இத்தோடு நேரே முடிவுக்குப் போயிருப்பேன். ஒருநாள் அரைமூட்டை வீட்டில் இதுவரை எழுதினதை வாசித்தேன். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்தேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் இருக்குண்ணே. நான் எங்க?"

"இருக்கியேம்மா. பக்கத்துக் கட்டடத்துல."

"படுத்திருந்தாள்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானா? இவரு நெஞ்சு அடுப்புன்னா, விறகு யாரு?"

அரைமூட்டை மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். சிக்கினது நான்தான்.

"எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்:

"காய்ச்சல்ல பல்லு கிட்டிக்கும். எழுந்து உட்கார்ந்தா கண்ணு இருட்டும். அதோட உட்கார்ந்து பாலைப் பீய்ச்சுவேன். முதல் தடவ வந்தது மஞ்சளா, கெட்டியா, கிண்ணத்தோட அடிகூட மறையல. இதுக்கா இவ்வளவு பாடுன்னு அழுகையா வந்துச்சு. அந்த சிஸ்டர் நேர்ல வந்து, 'அவ வயித்துக்கு இது விருந்து, சொட்டுக்கூட வீணாக்காத'ன்னு சொன்னாங்க. ஒவ்வொரு வேளைக்கும் பீய்ச்சினேன். என் அக்கா மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டு, கிண்ணத்தை மூடிக் கைக்குள்ள பொத்தி, மழையில ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல ஓடுவா. வார்டு வாசல்ல குடுத்துட்டுத் திரும்பி வந்து அடுத்த கிண்ணத்துக்கு நிப்பா. ஒரு சொட்டுச் சிந்தினதில்ல. அவளப் பத்திப் பவுடர் டப்பா வச்சிருந்ததை மட்டும்தான் எழுதியிருக்கீங்க. நாளைக்கு அவ படிச்சா என்ன நினைப்பா?"

அந்தப் பாலைத்தான் பாலாடையில் சொட்டுச் சொட்டாக அரைமூட்டையின் நெஞ்சில் வைத்தே குழந்தைக்குக் கொடுத்தார்கள். அவள் பாதிக் குடிப்பாள், தூங்கிவிடுவாள். உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பி மீதியைக் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் எடை இறங்கியது. இறங்கித்தான் ஏறும் என்று சிஸ்டர் சொன்னார். எங்களில் யாரும் நம்பவில்லை. கிடங்கில் எடை இறங்கினால் யாரோ திருடுகிறான் என்று அர்த்தம்.

8

காய்ச்சல் விட்டதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வார்டு வாசலில் நின்றாள். அங்கே தன் புருஷன் வாயைத் திறந்து குறட்டை விட்டபடி சாய்ந்திருப்பதையும், புடவைக்குள்ளிருந்து ஒரு குல்லாய் எட்டிப்பார்ப்பதையும், பக்கத்தில் சிஸ்டர் காவல் நிற்பதையும் கண்டாள்.

"யோவ்" என்றாள். அவன் விழித்தான். "என் புள்ளையக் குடு."

மூட்டை கை மாறும்போது எங்களுக்கு மூன்று சொல் உண்டு. கொடுக்கிறவன் "பிடிச்சியா" என்பான், வாங்குகிறவன் "பிடிச்சேன்" என்பான், கொடுத்தவன் "விட்டேன்" என்பான். மூன்றாவது சொல் வராமல் யாரும் கையெடுக்கக் கூடாது.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

அவன் விட்டேன் சொல்லவில்லை.

"பிடிச்சேன்யா, விடு."

"...விட்டேன்."

குழந்தை அம்மாவின் தோலில் மூக்கை உரசினாள். தலையை ஆட்டி ஆட்டித் தேடினாள். வாயை அகலத் திறந்தாள். நழுவியது. சிஸ்டர் கைவைக்கப் போனார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் குழந்தையை வயிற்றோடு வயிறாக இன்னும் நெருக்கி அணைத்தாள். குழந்தை மறுபடி வாயைத் திறந்தாள். இந்தத் தடவை வாய் நிறையக் கவ்வினாள். தாடை அசைந்தது. நின்றது. அசைந்தது. பிறகு, அமைதியான அந்த வார்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ளக்" என்று ஒரு முழுங்கு.

"குடிக்கிறா" என்றாள் அம்மா.

"குடிக்கிறா" என்றான் அப்பா.

"குடிக்கட்டும், கூட்டம் போடாதீங்க" என்றார் சிஸ்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. [ஜலதோஷம்தானா? தெரியாது என்று முன்பே சொல்லிவிட்டேன்.]

அதன் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. அம்மா நெஞ்சு, அப்பா நெஞ்சு என்று முறை வைத்துக் கிடந்தாள். தொப்புள் கொடி காய்ந்து தானாக விழுந்தது. தராசில் முள் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கன்னத்தில் சதை வந்தது. அழுகை வார்டைத் தாண்டிக் கேட்டது. ஒருநாள் சிஸ்டர் தராசைப் பார்த்துவிட்டு, "கூட்டிட்டுப் போங்க. இனிமே எனக்கு இவ சத்தம் தாங்காது" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் செட்டு முழுக்கத் துவைத்த சட்டையோடு நின்றோம். ஒருத்தனாலும் நிமிர முடியவில்லை. தைலம் இல்லாத எட்டு முதுகு. மனைவிக்கு இன்னும் நடக்கத் தெம்பு வரவில்லை என்று குழந்தையை அரைமூட்டைதான் நெஞ்சோடு கட்டி எடுத்து வந்தான். படி இறங்கினான். அவள் புடவைக்குள் காலை நீட்டி அவன் வயிற்றில் ஓர் உதை விட்டாள். அவன் நின்றான். எங்களைப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணே" என்றான் மேஸ்திரியிடம். "கனக்குதுண்ணே!"

ஒரு கணம் எங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழும்பிய சத்தத்தில் வாசல் காவலாளி தடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"டீ! டீ! டீ!"

"சொல்லிட்டான்! சொல்லிட்டான்டா அரைமூட்டை!"

"இன்னொரு தடவ சொல்லுடா!"

"கனக்குதுடா!" என்று கத்தினான். "கனக்குது, கனக்குது! போதுமா?"

9

முடிவு என்று மூன்று வைத்திருக்கிறேன். மூன்றும் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் எதையும் நம்ப முடியவில்லை.

ஒன்று, அந்த "ளக்" சத்தத்தில் நிறுத்திவிடலாம். அவன் மனைவி இதைத்தான் போடச் சொல்கிறாள்.

இன்னொன்று, அன்று சாயங்காலம். மேஸ்திரி சணலை அவிழ்த்து டப்பாவைத் திறக்கிறார். தடியர்கள் பனியனைக் கழற்றிவிட்டு, பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி வரிசையில் நிற்கிறோம். அரைமூட்டை மட்டும் தள்ளி நிற்கிறான். இன்றுவரை அவன் தைலம் போடுவதில்லை. வலித்தால் சுடுதண்ணீர் ஒத்தடம்தான். மேஸ்திரிக்கு இது பிடித்த முடிவு. அதில் அவர் வருகிறார் என்பதால்.

மூன்றாவதில் அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. பையை மாட்டிக்கொண்டு கிடங்கு வாசலில் நிற்கிறாள். "அப்பா, பை கனக்குது" என்கிறாள். லாரியின் பின்னாலிருந்து எட்டுக் குரல் ஒன்றாகக் கிளம்புகிறது: "டீ!" [இது நடந்ததா, நான் ஜோடித்ததா என்று கேட்காதீர்கள்.]

எனக்குத் தோள் வலிக்கிறது. இதற்கு மேல் பேனா நகராது. ஒன்றை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள். பிடிச்சீங்களா? நீங்கள் பிடித்தேன் என்று சொல்லாமல் நான் விட்டேன் சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் ஒன்று மாறாது. அரைமூட்டை எங்களுக்கு எட்டு டீ தர வேண்டும். அன்று குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன், இன்றுவரை வாங்கித் தரவில்லை. அதில் ஒன்று என்னுடையது. சர்க்கரை தூக்கலாக.